காணியை இழந்தும் ஊராக வாழ்ந்தவர்கள்

மெனோனைற் மக்களின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



மீள்குடியேற்றக் கிராமமொன்றில் ஒருநாள் மாலை வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வயோதிபர் கிட்ட வந்து கேட்டார்: "சுவாமி, வெளிக்கிட்ட நாளிலிருந்து நாங்கள் நாலு இடம் மாறிப்போட்டம். பாதிச் சனம் வெளிநாட்டில. மிச்சத்தில கொஞ்சப்பேர் வவுனியாவில, கொஞ்சப்பேர் இஞ்ச. கோயிலும் இடிஞ்சு போச்சு, காணியும் இன்னும் கைக்கு வரேல்லை. இனியும் எங்களை அந்த ஊராக்கள் எண்டு சொல்லலாமோ?"

அன்று நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அது பதிலாகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பாடம் அந்தக் கேள்விக்குப் பிந்தி வரும் பதில்.

அதே கேள்வியை ஐந்நூறு ஆண்டுகளாகச் சுமந்துவந்த ஒரு விவசாயக் கூட்டம் உலகில் உண்டு. அவர்களை மெனோனைற் மக்கள் என்பர். அவர்களும் கிறிஸ்தவர்கள்; ஆனால் எம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். சுவிற்சர்லாந்திலும் ஒல்லாந்திலும் தொடங்கி போலந்து, ரஷ்யா, கனடா, பரகுவே என்று தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்தவர்கள். அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு ஒரே மக்களாக நின்றார்கள்? எங்கே தவறினார்கள்? இவ்விரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

1. தொடக்கம்: ஒரு வீட்டுக்குள் எடுத்த முடிவு

1525 ஜனவரி 21ஆம் நாள். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு வீட்டில் சிலர் கூடினர். கொன்றாட் கிறேபல் என்பவர் ஜோர்ஜ் பிளவுறொக் என்பவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இருவரும் குழந்தைகளாக ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஆயினும், விசுவாசம் என்பது வளர்ந்த ஒருவர் தாமே தெரிந்தெடுக்க வேண்டியது என்பது அவர்கள் நிலைப்பாடு. இதனால் அவர்களை 'மறுபடி திருமுழுக்குக் கொடுப்போர்' என்று மற்றவர்கள் அழைத்தனர். அனபாப்டிஸ்ட் என்ற பெயரின் பொருள் இதுவே.

குழந்தைத் திருமுழுக்குப் பற்றி எம் திருச்சபையின் போதனை வேறு. அந்த விவாதத்துக்குள் இங்கே நாம் போகவில்லை. அந்தக் காலத்தில் இந்த முடிவு ஏன் அரசையே கோபப்படுத்தியது என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அன்று ஒரு நாட்டில் பிறந்த குழந்தை அந்த நாட்டு மன்னரின் குடிமகனாகவும் அந்த நாட்டுச் சபையின் அங்கத்தவராகவும் ஒரே நாளில் ஆனது. 'சபை வேறு, அரசு வேறு. சபையில் சேர்வது என் மனச்சாட்சியின் முடிவு' என்று இவர்கள் சொன்னபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவர்கள் வாள் எடுக்கவும் மறுத்தார்கள், சத்தியப்பிரமாணம் செய்யவும் மறுத்தார்கள்.

தண்டனை உடனே வந்தது. 1527 ஜனவரியில் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிச் நகரசபை லிமாற் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றது. அது சீர்திருத்தச் சபையாரின் நகரம். அடுத்த மாதம் ஷ்லைற்ஹைம் என்ற கிராமத்தில் இவர்கள் கூடி ஏழு அம்சங்கள் கொண்ட உடன்படிக்கை ஒன்றை ஏற்றனர். அதை எழுதியவராகக் கருதப்படும் மிக்கேல் சற்லர் முன்னர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. அவரை அதே ஆண்டு மே மாதத்தில் றொட்டன்பேர்க்கில் எரித்துக் கொன்றவர்கள் கத்தோலிக்க ஆட்சியாளர்கள். சில நாட்களில் அவர் மனைவியை ஆற்றில் அமிழ்த்தினார்கள். ஒரு கத்தோலிக்கக் குருவாக இதை எழுதும்போது நான் தலை குனிகிறேன். வரலாற்றுப் பாடத்தில் எமது பக்கத்துப் பிழையை முதலில் சொல்வதே நேர்மை.

2. கோபம் எடுத்த வழி, மென்னோ எடுத்த வழி

துன்புறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் சமாதான வழியில் நிற்கவில்லை. 1534இல் இவர்களுள் ஒரு பகுதியினர் ஜேர்மனியின் முன்ஸ்ரர் நகரைக் கைப்பற்றினர். கடவுளின் அரசை ஆயுதத்தால் கொண்டுவரப் பார்த்தனர். தங்களோடு சேராதவர்களை நகரிலிருந்து துரத்தினர். 1535இல் முற்றுகையிட்ட படை நகருக்குள் புகுந்தபோது பெரும் படுகொலை நடந்தது.

இதைப் பார்த்து மனம் கலங்கியவர்களுள் ஒருவர் ஒல்லாந்தின் பிறீஸ்லாந்துப் பகுதியிலிருந்த கத்தோலிக்கக் குரு மென்னோ சைமன்ஸ். 1536இல் அவர் தமது பதவியை விட்டு, சிதறிப்போய்த் தலைவரின்றி நின்ற சமாதானப் பகுதியினரோடு சேர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக ஒளித்துத் திரிந்து அவர்களை ஒன்றுசேர்த்தார். அவர் பெயரால்தான் மெனோனைற் என்ற பெயர் வந்தது.

அவர்கள் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1569இல் அஸ்பெரன் என்ற ஊரில் டேர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீர்ப்பரப்பின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலாளி பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். டேர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிக் கரைசேர்த்தார். அதனால் பிடிபட்டு எரிக்கப்பட்டார்.

இத்தகைய வரலாறுகளைத் திரட்டி 1660இல் ஒல்லாந்தில் 'வேதசாட்சிகளின் கண்ணாடி' என்னும் பெரிய நூலை வெளியிட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து எம் முன்னோரின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். குருவானவர்கள் துரத்தப்பட, எம் முன்னோர் வீடுகளுக்குள் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தார்கள். ஒரே நாட்டில் துன்புறுத்துகிறவனும் இருந்தான், துன்பத்தின் நினைவை எழுதிவைத்தவனும் இருந்தான். ஒரு நாட்டவரை அல்லது ஓர் இனத்தவரை மொத்தமாக எடைபோடக் கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

3. சேற்று நிலத்தில் பிறந்த சங்கங்கள்

பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒல்லாந்தை விட்டு ஓடிய பல குடும்பங்கள் இன்றைய போலந்தில் விஸ்துலா ஆறு கடலோடு சேரும் தாழ்நிலத்துக்கு வந்தன. வெள்ளம் நிற்கும் சதுப்பு நிலம் அது. அணை கட்டவும், வாய்க்கால் வெட்டவும், காற்றாலையால் தண்ணீர் இறைக்கவும் தெரிந்தவர்கள் என்பதால் நில உடைமையாளர் இவர்களை ஏற்றனர். பலர் காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் இறந்தனர். மிஞ்சியவர்கள் சேற்றை வயலாக்கினர்.

அணை என்பது தனி ஒருவரின் வேலையல்ல. ஒருவர் தம் பங்கைக் கவனிக்காவிட்டால் எல்லோர் வயலுக்குள்ளும் வெள்ளம் வரும். குளத்துக்குக் கீழ் விவசாயம் செய்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அந்தக் கூட்டுப் பொறுப்பிலிருந்து இரண்டு ஏற்பாடுகள் வளர்ந்தன.

முதலாவது, தீ விபத்து நிதி. 1623இலேயே அங்கே அத்தகைய ஒழுங்கு ஏற்பட்டிருந்தது. ஒருவரின் வீடோ களஞ்சியமோ எரிந்தால் மற்றவர்கள் தங்கள் சொத்தின் அளவுக்கேற்பப் பணம் கொடுத்தனர். எங்கள் ஊர்களின் மரண சகாயச் சங்கத்துக்கு நெருங்கிய ஏற்பாடு இது.

இரண்டாவது, அநாதைகளின் அலுவலகம். தாய் அல்லது தகப்பன் இறந்தால் குடும்பச் சொத்து முழுவதையும் எழுதிக் கணக்கெடுப்பார்கள். பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு. மறுபாதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. பிள்ளைகளின் பங்கை அலுவலகம் பொறுப்பேற்று, வயது வந்ததும் கொடுக்கும். விதவை மறுமணம் செய்தாலும் பிள்ளையின் பங்கு கரையாது.

அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டபோது நிலத்தைக் கொண்டுபோக முடியவில்லை. இந்த ஏற்பாடுகளைக் கொண்டுபோனார்கள். ரஷ்யாவிலும், பின்னர் கனடாவின் மனிற்றோபாவிலும் அதே அநாதைகள் அலுவலகம் மறுபடி திறக்கப்பட்டது. ஓர் ஊர் எதனால் ஆனது என்பதற்கு இது ஒரு பதில்.

4. காணி கூடியபோது வந்த சோதனை

பிரஷ்ய அரசு, படைக்கு ஆள் தராத இவர்கள் மேலும் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. அக்காலத்தில் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் குடியேற வருமாறு அழைத்தார். 1789இல் இன்றைய உக்ரேனில் நீப்பர் ஆற்றங்கரையில் கோர்ற்றிற்சா குடியேற்றமும், 1804இல் மொலோச்னா குடியேற்றமும் தொடங்கின. குடும்பத்துக்கு ஏறக்குறைய 175 ஏக்கர் நிலம், படைச்சேவையிலிருந்து விலக்கு, தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே நடத்தும் உரிமை என்பன கிடைத்தன. மரம் நட்டார்கள், நிலத்தைத் தரிசாக விட்டு ஈரம் காத்துக் கோதுமை விளைவித்தார்கள், செழித்தார்கள்.

ஆனால் இங்கே மூன்று பிழைகள் வேர்விட்டன. இவற்றை மெனோனைற் வரலாற்றாசிரியர்களே மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று, வெறும் நிலம் என்று கொடுக்கப்பட்டது வெறும் நிலமல்ல. கோர்ற்றிற்சா கொசாக் மக்களின் பழைய இடம். அவர்களின் கோட்டையைப் பேரரசி 1775இல் அழித்திருந்தார். மொலோச்னா நொகாய் இடையர்களின் மேய்ச்சல் நிலம். இடம்பெயர்ந்தவருக்குக் கிடைத்த காணி இன்னொருவர் இழந்த காணியாக இருந்தது.

இரண்டு, முழுக் காணியைத் துண்டாடக் கூடாது என்ற விதி. ஒரு பிள்ளைக்கே காணி போனது, மற்றவர்கள் கூலிகளானார்கள். 1860களில் மொலோச்னாவில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் காணி இல்லை. காணி இல்லாதவருக்குக் கிராமக் கூட்டத்தில் வாக்கும் இல்லை. ஒரே கோயிலில் ஒரே மேசையில் அப்பம் பகிர்ந்தவர்கள் வெளியே வந்து உடையவன், இல்லாதவன் என்று பிரிந்து நின்றனர். அரசு தலையிட்ட பின்னரே வழி பிறந்தது. பொது நிலத்தின் வருமானத்தை நிதியாக்கி, அதைக்கொண்டு தூரத்தில் காணி வாங்கிப் புதிய கிராமங்களை அமைத்தார்கள்.

மூன்று, சுற்றியிருந்த உக்ரேனிய ஏழை விவசாயிகள் இவர்களுக்கு அயலவராக அல்ல, வேலைக்காரராகவே இருந்தனர். இந்த இடைவெளியின் விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது.

5. ஆயுதம் எடுத்த ஆண்டு

1874இல் ரஷ்யா எல்லோருக்கும் கட்டாயப் படைச்சேவையைச் சட்டமாக்கியது. ஏறக்குறைய 18,000 பேர் அக்காலத்தில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். நின்றவர்களுக்கு, ஆயுதத்துக்குப் பதிலாகக் காடு வளர்க்கும் சேவை ஒழுங்குசெய்யப்பட்டது.

1917 புரட்சிக்குப் பின் உள்நாட்டுப் போர் வந்தது. ஆயுதக் குழுக்கள் கிராமங்களுக்குள் புகுந்து கொள்ளையடித்தன, கொன்றன, பெண்களை அவமானப்படுத்தின. அப்போது மெனோனைற் இளைஞர்கள் பலர் தற்காப்புப் படை அமைத்துத் துப்பாக்கி ஏந்தினார்கள். 1918இல் கூடிய சபை மாநாடு அதை வேண்டுமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவரின் மனச்சாட்சிக்கு விட்டது.

1919 மார்ச்சில் அந்தப் படை சிதறியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் மக்னோவின் படை ஐக்கன்ஃபெல்ட் என்ற ஒரே கிராமத்தில் எழுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கொல்லப்பட்டவர்களுள் ஆயுதம் தொடாதவர்களும் இருந்தார்கள். தற்காப்புப் படை அழிவைத் தடுத்ததா, கூட்டியதா என்று அவர்களே நெடுங்காலம் விவாதித்தனர். சமாதான வழியிலிருந்து தவறினோம் என்று பலர் பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த இளைஞர்களைக் குறைசொல்லும் உரிமை எனக்கு இல்லை. தாயையும் தங்கையையும் காக்க எழுந்த மனதை யார் பழிக்க முடியும்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துப்பாக்கியா இல்லையா என்ற கேள்வி 1918இல் வந்தது. அதற்கான பதில் அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, அயலவனோடு உறவு வைக்காத நாட்களில், எழுதப்படத் தொடங்கிவிட்டது. சமாதானம் என்பது போர் வந்தபின் எடுக்கும் மருந்தல்ல. விதைநெல்லைப்போல முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியது.

6. பட்டினிக்கு உணவு, கடனுக்கு நாணயம்

போரின் பின் பஞ்சம் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மெனோனைற் சபைகள் பலவாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பேசாமல் இருந்தவை. ரஷ்யாவில் சகோதரர்கள் பட்டினி கிடப்பதைக் கேட்டு 1920 யூலையில் ஒரு கூட்டு நிவாரணக் குழுவை அமைத்தார்கள். 1922இல் உணவுச்சாலைகள் திறந்தன. உழவுக் குதிரைகள் செத்துப்போன வயல்களுக்கு 50 உழவு இயந்திரங்கள் அனுப்பப்பட்டன. மெனோனைற் மத்திய குழு என்ற அந்த அமைப்பு இன்றும் பல நாடுகளில், மதம் பாராமல், வேலை செய்கிறது.

1923 முதல் 1930 வரை ஏறக்குறைய 20,000 பேர் ரஷ்யாவிலிருந்து கனடா சென்றனர். கையில் காசில்லை. கனடியப் பசிபிக் புகையிரதக் கம்பனி கடனுக்குப் பயணம் தந்தது. ஈடாக வைக்கக் காணியோ நகையோ இருக்கவில்லை. டேவிட் ரோவ்ஸ் என்ற சபைத் தலைவர் கையொப்பமிட்டார். ஈடு சபையின் நாணயம் மட்டுமே. கனடாவில் முன்னரே இருந்த சிலர், 'அவர்கள் கடனுக்கு நாங்கள் ஏன் பொறுப்பு?' என்று எதிர்த்தனர். 1930களில் விளைச்சல் பொய்த்தது, விலை வீழ்ந்தது. ஆயினும் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தார்கள். இறந்தவரின் பங்கையும் இயலாதவரின் பங்கையும் மற்றவர்கள் கட்டினார்கள். 1946இல் கடன் முழுவதும் தீர்ந்தது.

7. தூரத்தை இணைத்த கடிதங்கள்

இனி, பாதி வெளிநாட்டில், பாதி இங்கே என்ற அந்த வயோதிபரின் கவலைக்கு வருவோம்.

1880இல் அமெரிக்காவில் 'மெனோனைற்றிஷ றுண்ட்ஷௌ' என்ற ஜேர்மன் மொழிப் பத்திரிகை தொடங்கியது. அது 2007 வரை வெளிவந்தது. அதில் பெரும் பகுதியை நிரப்பியவர்கள் விவசாயிகள். ரஷ்யக் கிராமத்திலிருந்து ஒருவர் எழுதுவார்: இந்த முறை மழை பிந்திவிட்டது, இன்னாரின் மகள் கலியாணம் முடித்தாள், இன்னார் இறந்தார். கன்சாஸ் மாநிலத்தில் ஒருவர் அதை வாசித்துத் தன் மாமனின் மரணத்தை அறிவார், பதில் எழுதுவார். தொலைந்த உறவினரைத் தேடுவதும், பஞ்சத்தில் உதவி கேட்பதும் அதே பக்கங்களில்தான். 1977இல் மனிற்றோபாவில் தொடங்கிய இன்னொரு பத்திரிகை, மெக்சிக்கோ, பொலிவியா, பரகுவே போன்ற நாடுகளில் உள்ள குடியேற்றங்களுக்கு இதே சேவையைச் செய்தது.

பெரிய கட்டுரைகளைவிட இச்சிறு செய்திகளே அந்த மக்களைக் கட்டிவைத்தன. மழையையும் மரணத்தையும் பகிர்ந்துகொள்கிறவர்கள் ஓர் ஊரார். ஆனால் செய்தி மட்டும் போதாது. செய்திக்குப் பின் உதவி போனதால்தான் அது உறவாக நிலைத்தது.

8. பரகுவேயும் எத்தியோப்பியாவும்

கனடா அரசு பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியதை ஏற்காத ஒரு பகுதியினர் 1920களின் இறுதியில் பரகுவேயின் சாக்கோ காட்டுக்குப் போனார்கள். நில அளவை முடியும்வரை ஆற்றுத்துறையில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். காய்ச்சலில் பலர், அதிகமும் குழந்தைகள், இறந்தனர். 1930இல் ரஷ்யாவிலிருந்து தப்பியவர்களும் அங்கே வந்து ஃபேர்ன்ஹைம் குடியேற்றத்தை அமைத்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தால் பிழைத்தார்கள். இன்று அந்நாட்டின் பாலுற்பத்தியில் அவர்களின் கூட்டுறவுகள் முன்னணியில் நிற்கின்றன. ஆனால் அந்தக் காடு என்ல்ஹெற் பழங்குடி மக்களின் வீடு. அவர்களைக் கேளாமலே அது விற்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

எத்தியோப்பியாவில் கதை வேறு. அங்கே மெசெரெற்ற கிறிஸ்தோஸ் என்னும் மெனோனைற் சபையை 1982இல் இராணுவ அரசு மூடியது. கட்டடங்களைப் பறித்தது, தலைவர்களைச் சிறையிட்டது. அப்போது அங்கத்தவர் 5,000 பேர் அளவில். அவர்கள் ஐந்தாறு பேராக வீடுகளில் இரகசியமாகக் கூடினார்கள். பல குழுக்களைப் பெண்கள் நடத்தினார்கள். 1991இல் அரசு வீழ்ந்து வெளியே வந்தபோது ஏறக்குறைய 34,000 பேர் இருந்தார்கள். கட்டடம் போனபின் சபை வளர்ந்தது. இன்று உலக அனபாப்டிஸ்ட் சபைகளில் பெரும்பான்மையினர் ஆபிரிக்கா, ஆசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய கண்டங்களின் மக்கள்.

9. ஒரு நாகு கன்றின் கணக்கு

மெனோனைற் மக்கள், குவேக்கர், சகோதரர் சபை ஆகிய மூன்றையும் 'வரலாற்றுச் சமாதானச் சபைகள்' என்பர். 1935இல் அமெரிக்காவின் கன்சாஸில் கூடிய மாநாட்டிலிருந்து இப்பெயர் வழங்குகிறது. இவற்றுள் சகோதரர் சபையைச் சேர்ந்த டான் வெஸ்ற் ஒரு விவசாயி. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அகதிக் குழந்தைகளுக்குப் பால் பங்கிட்டபோது, பால் முடிந்தால் இவர்கள் நிலை என்ன என்று யோசித்தார். கோப்பைப் பாலுக்குப் பதிலாகப் பசுவையே கொடுத்தால் என்ன? 1944இல் முதல் தொகுதியாக 17 நாகுகள் புவேற்றோ றிக்கோ தீவுக்குப் போயின. நிபந்தனை ஒன்றே: முதல் பெண் கன்றை இன்னோர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

நிவாரணம் வாங்கி வாங்கிக் கூனிப்போன முதுகு, கொடுக்கும்போது நிமிர்கிறது. நிவாரண வரிசையில் நின்ற உங்களுக்கு இதன் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

10. பகைத்தவர்கள் மறுபடி பேசினார்கள்

ஐந்நூறு ஆண்டுக் காயம் ஆறுமா? 2004இல் சூரிச்சின் சீர்திருத்தச் சபை தன் பிழையை ஏற்றது. லிமாற் ஆற்றங்கரையில் நினைவுக்கல் நாட்டப்பட்டது. 2010இல் உலக லூதரன் சம்மேளனம் மன்னிப்புக் கேட்டது. 1998 முதல் 2003 வரை கத்தோலிக்கரும் மெனோனைற் மக்களும் ஒன்றாக அமர்ந்து பழைய வரலாற்றை வாசித்து, சமாதானம் செய்வோராக ஒன்றாய் அழைக்கப்பட்டிருக்கிறோம் என்ற முடிவோடு அறிக்கை எழுதினார்கள். 2025 மே 29இல் ஐந்நூறாம் ஆண்டு நிறைவைச் சூரிச்சில் கொண்டாடியபோது, முன்பு அவர்களைத் துன்புறுத்திய சபைகளின் பிரதிநிதிகளும் போய் நின்றார்கள்.

அது தானாக நடக்கவில்லை. ஒரு பகுதி தன் பிழையைப் பெயர் சொல்லி ஏற்றது. மறுபகுதி தான் என்றும் குற்றமற்றவன் என்று நடிக்காமல் இருந்தது. நினைவை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நினைவைப் பழிவாங்கும் ஆயுதமாக வைத்திராமல், உண்மையாக எழுதி வைத்தார்கள்.

பாடத்தின் சாரம்

அந்த வயோதிபருக்கு இப்போது என் பதில் இது. ஐயா, காணி உங்கள் உரிமை. அதைக் கேட்பதை விடாதீர்கள். உறுதிப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் காணி வரும்வரை ஊர் இல்லை என்று எண்ணாதீர்கள். விதவையின் பங்கைக் காக்கும் ஓர் ஒழுங்கு, எரிந்த வீட்டைக் கட்டும் ஒரு நிதி, தூரத்து உறவுக்கு ஒரு கடிதம், கன்றைக் கைமாற்றும் ஒரு வழக்கம், அயலவனோடு ஓர் உறவு: இவை உள்ள இடத்தில் ஊர் இருக்கிறது. காணி திரும்பி வந்தும் இவை இல்லையென்றால், அங்கே வேலிகள் மட்டுமே இருக்கும்.

குழுவாகச் சிந்திக்க

முதலில் மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரம் 38 முதல் 48 வரை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கவும். பின்னர் கலந்துரையாடவும்.

1. எமது பழைய ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த நல்ல வழக்கங்கள் எவை? கைவிட வேண்டிய வழக்கங்கள் எவை? சாதி, சீதனம் ஆகியவற்றையும் மறைக்காமல் பேசுங்கள்.

2. எமது குழுவில் காணி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் சமமான சொல் உண்டா? பெண் தலைமைக் குடும்பங்களுக்கு?

3. நாம் இப்போது இருக்கும் இடம் முன்னர் யாருடையது? அந்த மக்களோடும் அயல் கிராமத்தவரோடும், அவர்கள் வேற்று மொழியினர் அல்லது வேற்று மதத்தினர் ஆயினும், எமக்கு என்ன உறவு?

4. டேர்க் வில்லெம்ஸ் திரும்பி ஓடி வந்தது சரியா? உங்கள் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? ஒரே பதில் வரவேண்டும் என்றில்லை. எல்லோரும் பேசவேண்டும்.

இம்மாதம் செய்யக்கூடியது

ஒரு கொப்பியை எடுங்கள். பழைய ஊரின் குடும்பங்களை ஒழுங்கை ஒழுங்கையாக எழுதுங்கள்: யார் எங்கே இருக்கிறார், யார் இறந்தார், யாரைப்பற்றித் தகவல் இல்லை, எந்தக் கிணறு யாருடையது. முதியவர்கள் சொல்ல, படிக்கும் பிள்ளைகள் எழுதட்டும். தூரத்திலிருப்போருக்கு இம்முறை மழையையும் விளைச்சலையும் எழுதி அனுப்புங்கள். பின்னர், ஆளுக்குச் சிறு தொகையாக ஒரு பொதுநிதியைத் தொடங்குங்கள். முதல் உதவி யாருக்கு என்பதை, காணி இல்லாத குடும்பங்களையும் கூட்டிவைத்து முடிவுசெய்யுங்கள்.

அந்த வயோதிபரிடம் இப்படியொரு கொப்பி கொடுத்தேன். அடுத்த முறை போனபோது இருபத்தியிரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.